பழைய கணினிகளைப் புதிய திரையில் இயக்குவது எப்படி? எமுலேட்டர்களுக்கு ஓர் அறிமுகக் கையேடு

1086ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மன்னர் முதலாம் வில்லியம், தன் ஆட்சிக்குட்பட்ட ஊர்களையும் நிலங்களையும் அவற்றின் உடைமையாளர்களையும் கணக்கெடுத்து எழுதச் செய்தார். தோல் ஏடுகளில் எழுதப்பட்ட அந்த 'டூம்ஸ்டே புத்தகத்தை' இன்றும் திறந்து வாசிக்கலாம்.

அதன் 900ஆவது ஆண்டையொட்டி 1986இல் பிபிசி நிறுவனம் ஒரு புதிய டூம்ஸ்டே திட்டத்தைச் செய்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அதில் பங்கெடுத்தனர். பாடசாலை மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படமெடுத்தார்கள். எல்லாம் லேசர் தட்டுகளில் பதியப்பட்டன. அவற்றை வாசிக்க பிபிசி மாஸ்டர் என்ற கணினியும், அதற்கென்றே செய்யப்பட்ட பிலிப்ஸ் லேசர் தட்டு இயக்கியும் தேவை. பதினைந்தே ஆண்டுகளில் இரண்டும் அரும்பொருளாகிவிட்டன. 900 ஆண்டு பழைய ஏடு வாசிக்கக் கிடைத்தது. 15 ஆண்டு பழைய தட்டோ கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்தது.

2002இல் பிரித்தானியாவின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய கமிலியோன் என்ற ஆய்வுத் திட்டம், அந்தத் தட்டுகளின் தகவலை நவீன கணினியில் மீண்டும் இயக்கிக் காட்டியது. அதற்குப் பயன்பட்ட கருவிதான் எமுலேட்டர்.

இந்தக் கட்டுரை எமுலேட்டர் என்றால் என்ன, 1980களின் வீட்டுக் கணினிகளை இன்றைய மடிகணினியில் எப்படி இயக்குவது, வீட்டில் கிடக்கும் பழைய பிளொப்பிகளை மீட்க இந்த அறிவு எப்படி உதவும் என்பவற்றைச் சொல்கிறது. முன் அனுபவம் தேவையில்லை.

எமுலேட்டர் என்றால் என்ன?

ஒரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்தான் எமுலேட்டர். பழைய கணினியின் செயலி ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்ததோ அதையே இந்த மென்பொருளும் செய்யும். திரைச் சிப், ஒலிச் சிப், விசைப்பலகை, கசெட் ரெக்கோடர் எல்லாவற்றுக்கும் இதில் ஒரு மென்பொருள் உருவம் உண்டு. உள்ளே ஓடும் பழைய நிரலுக்குத் தான் வேறொரு கணினியில் இருப்பது தெரியாது.

இந்த எண்ணம் புதியதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம் 360 என்ற பெருங்கணினி வரிசையை அறிவித்தபோது, வாடிக்கையாளர்களின் பழைய நிரல்கள் வீணாகாமல் இருக்க இதே வழியைக் கையாண்டது. பழையதைத் தூக்கி எறியாமல் புதியதற்கு மாறுவதே அன்றும் நோக்கம்.

தொடங்குமுன் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரொம்: கணினியைப் போட்டவுடன் இயங்கும் நிரந்தர மென்பொருள். பழைய வீட்டுக் கணினிகளில் பேசிக் மொழியும் இதற்குள்தான் இருந்தது. எமுலேட்டருக்கு இதன் பிரதி தேவை.

இமேஜ் கோப்பு: ஒரு கசெட்டிலோ பிளொப்பியிலோ இருந்த அனைத்தையும் ஒரே கோப்பாக எடுத்த பிரதி. எமுலேட்டருக்குள் இதுதான் கசெட், இதுதான் பிளொப்பி.

ஸ்னப்ஷொட்: கணினியின் நினைவகம் ஒரு நொடியில் இருந்த நிலையை அப்படியே சேமித்த கோப்பு. நாளை திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எந்தக் கணினிகள்?

வீட்டுக் கணினி யுகம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 1977 முதல் 1990களின் தொடக்கம் வரையான காலம். எத்தனையோ கணினிகள் வந்து போயின. தொடங்குவோர் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜ் நகரின் ஏகோர்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகவே செய்யப்பட்டதால் பிரித்தானியப் பாடசாலைகள் எங்கும் போய்ச் சேர்ந்தது. இதை வடிவமைத்தவர்களில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபேர்பர் இருவரும் பின்னர் ஆர்ம் என்ற செயலியை உருவாக்கினார்கள். இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் இருப்பது அந்தச் செயலியின் வழிவந்த வடிவமைப்புத்தான். உங்கள் கையிலுள்ள தொலைபேசிக்கும் அந்தப் பாடசாலைக் கணினிக்கும் நேரடி உறவு உண்டு.

இரண்டாவது, சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரல் 23 அன்று அறிவிக்கப்பட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண், 48 கிலோபைட் கொண்டது 175 பவுண். இறப்பர் விசைகள், தொலைக்காட்சியே திரை, சாதாரண கசெட் ரெக்கோடரே சேமிப்பகம். 50 இலட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் முழு நினைவகமும் நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படத்தைவிடச் சிறியது.

மூன்றாவது, அமெரிக்காவின் கொமடோர் 64. இதுவும் 1982இல் வந்தது. விலை 595 டொலர். 64 கிலோபைட் நினைவகமும், இன்றும் இசைக்கலைஞர்கள் தேடிப் பயன்படுத்தும் 'சிட்' என்ற ஒலிச் சிப்பும் இருந்தன. ஒரு கோடிக்கும் அதிகமாக விற்றது.

கொமடோரின் நிறுவனர் ஜாக் ட்ரமீலின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1928இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகளால் லோட்ஸ் கெட்டோவில் அடைக்கப்பட்டு, பின் அவுஷ்விட்ஸ் முகாமுக்கும், அங்கிருந்து ஜேர்மனியின் ஹனோவர் அருகிலிருந்த ஆலெம் வேலை முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். தந்தையை அந்த முகாமில் இழந்தார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் முகாமை விடுவித்தபோது அவருக்கு வயது 16. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தட்டச்சு இயந்திரம் திருத்தும் வேலை கற்று, அதையே தொழிலாக்கினார். கொமடோர் என்ற பெயரில் நிறுவனத்தை அவர் தொடங்கிய இடம் ரொறன்ரோ. கணினி வசதியானவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது என்பது அவருடைய வணிகக் கொள்கையாக இருந்தது. 2012இல் காலமானார்.

இந்தக் கணினிகள் மலிந்த காலம் நமக்கு வேறொன்றாக நினைவிருக்கிறது. பிபிசி மைக்ரோ வெளிவந்த அதே 1981இல்தான், மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகளுக்குக் கணினி எப்படி வந்திருக்கும்? ஒரு தலைமுறை தவறவிட்ட அந்தப் பொருளை இன்று செலவில்லாமல் தொட்டுப் பார்க்க எமுலேட்டர் வழி திறக்கிறது.

என்ன தேவை?

புதிய கணினி தேவையில்லை. பத்து ஆண்டு பழைய மடிகணினி போதும். விண்டோஸ், லினக்ஸ், மக் எதுவாக இருந்தாலும் சரி. அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் எமுலேட்டர்கள் உண்டு. ஆனால், பழைய கணினிகள் விசைப்பலகையை நம்பியவை. தொலைபேசியில் முயல்பவர்கள் ஒரு சிறு விசைப்பலகையை இணைத்துக்கொண்டால் நல்லது. டேட்டாச் செலவும் குறைவு. கீழே சொல்லப்படும் எமுலேட்டர்கள் சில மெகாபைட் முதல் சில பத்து மெகாபைட் வரையானவை. ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே இயங்கும்.

முதற்படி: எதையும் நிறுவாமல் பார்த்தல்

உலாவியிலேயே இயங்கும் எமுலேட்டர்கள் உண்டு. பிபிசி மைக்ரோவுக்கு 'ஜேஎஸ்பீப்', ஸ்பெக்ட்ரத்துக்கு 'ஜேஎஸ்ஸ்பெக்சி' என்று தேடுங்கள். பக்கம் திறந்தவுடன் பழைய கணினியின் திரை தெரியும், தட்டச்சிடலாம். ஜேஎஸ்பீப்பில் தட்டு ஒன்றைத் தெரிவு செய்தபின் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே எஃப்12 விசையை அழுத்தினால் அது தானாக இயங்கத் தொடங்கும்.

'இன்டர்நெட் ஆர்கைவ்' இணையத்தளத்தின் மென்பொருள் நூலகத்திலும் ஆயிரக்கணக்கான பழைய நிரல்களை உலாவிக்குள்ளேயே இயக்கிப் பார்க்கலாம். அரை மணிநேரம் இவற்றைப் பார்த்தபின் உங்களுக்குப் பிடித்த கணினி எது என்று தெரிந்துவிடும். பிறகு நிறுவலாம்.

இரண்டாம்படி: ஸ்பெக்ட்ரம், 'ஃபியூஸ்' எமுலேட்டரில்

ஃபியூஸ் ஓர் இலவச, திறந்த மூல எமுலேட்டர். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. 1986இல் சின்கிளேரின் கணினி வணிகத்தை வாங்கிய அம்ஸ்ட்ராட் நிறுவனம், பதிப்புரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டே ரொம்களை எமுலேட்டர்களுடன் பகிர அனுமதித்திருந்தது. ஆகவே, ரொம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஃபியூஸைத் திறந்தால் வெள்ளைத் திரையில் சின்கிளேரின் பதிப்புரிமை வரி மட்டும் தெரியும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. ஒரு விசைக்கு ஒரு முழுக் கட்டளை. 'ஜே' விசையை அழுத்தினால் 'லோட்' என்ற சொல் முழுதாக விழும். 'பி' விசைக்கு 'பிரிண்ட்'. நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு இது.

பழகும்வரை இதைத் தவிர்க்கலாம். எஃப்9 விசையை அழுத்தி, கணினிப் பட்டியலில் ஸ்பெக்ட்ரம் 128ஐத் தெரிவு செய்யுங்கள். வரும் மெனுவில் '128 பேசிக்' என்பதைத் தேர்ந்தால் கட்டளைகளை வழக்கம்போல் அடிக்கலாம்.

கசெட் இமேஜ் ஒன்றை இயக்க, கோப்பு மெனுவில் 'ஓப்பன்' தெரிவு செய்தால் போதும். மீதியை எமுலேட்டரே பார்த்துக்கொள்ளும். அன்று உண்மையான கசெட்டிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்ற ஐந்து நிமிடம் வரை ஆகும். திரையோரம் நிறக்கோடுகள் ஓட, ரெக்கோடர் கீச்சிட்டபடி இருக்கும். எமுலேட்டர் அதைச் சில நொடிகளில் முடித்துவிடும். அந்த அனுபவமும் வேண்டும் என்பவர்கள் அமைப்புகளில் வேகமாக ஏற்றும் வசதியை நிறுத்தி வைக்கலாம்.

ஒரு சிறு பயிற்சி: ஸ்பெக்ட்ரத்தில் தமிழ் எழுத்து

விளையாடுவதைவிட ஒரு நிரல் எழுதினால் இந்தக் கணினிகள் நன்றாகப் புரியும். ஸ்பெக்ட்ரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால், பயனரே புதிய எழுத்துகளை வரைய அதன் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். நிரப்பிய கட்டம் 1, வெற்றுக் கட்டம் 0.

தமிழில் வரைய எளிதான எழுத்து 'ட'. ஒரு நிமிர்ந்த கோடு, கீழே ஒரு படுத்த கோடு. எட்டு வரிசைகளும் இப்படி அமையும்:

00000000
01000000
01000000
01000000
01000000
01000000
01111110
00000000

இவற்றைச் சாதாரண எண்களாக மாற்றினால் 0, 64, 64, 64, 64, 64, 126, 0. இனி நிரல். கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்:

10 ஃபோர் என் = 0 டு 7
20 ரீட் எக்ஸ்
30 போக் யூஎஸ்ஆர் "ஏ" + என், எக்ஸ்
40 நெக்ஸ்ட் என்
50 டேட்டா 0,64,64,64,64,64,126,0
60 பிரிண்ட் சிஎச்ஆர்$ 144

'ரன்' என்று அடித்து என்டர் விசையை அழுத்துங்கள். திரையில் 'ட' வரும். 30ஆம் வரி அந்த எட்டு எண்களையும் 'ஏ' என்ற எழுத்துக்கு ஒதுக்கிய நினைவகத்தில் ஒவ்வொன்றாக வைக்கிறது. 144 என்பது அந்த எழுத்தின் இலக்கம். 50ஆம் வரியில் 64 வரும் ஐந்து இடங்களிலும் 66 என்று மாற்றினால் 'ட' எழுத்து 'ப' ஆகிவிடும். புள்ளியும் 'ம'வும் வரைந்து 'படம்' என்று எழுதுவது அடுத்த பயிற்சி. ஓஎல் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். இரும எண்முறையைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும் அதைக் கொண்டு ஓர் எழுத்தை வரைவதும் ஒன்றல்ல.

மூன்றாம்படி: கொமடோர் 64, 'வைஸ்' எமுலேட்டரில்

கொமடோர் கணினிகளுக்குப் பெயர்பெற்றது வைஸ். இதுவும் இலவசம். இதன் தளத்திலிருந்து இறக்கினால் ரொம்களும் கூடவே வரும். டெபியன், உபுண்டு லினக்ஸின் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் ரொம்கள் இருக்காது. எமுலேட்டர் திறக்காமல் பிழைச்செய்தி வரும். பலர் இதில்தான் கைவிடுகிறார்கள்.

திறந்ததும் நீலத் திரை வரும். 38911 பைட் மீதமுள்ளது என்று அறிவிக்கும். 64 கிலோபைட்டில் மற்றது எங்கே என்று கேட்கலாம். அந்த முகவரிகளில் பேசிக் மொழியின் ரொமும் கணினியின் பிற பகுதிகளும் இடம்பிடித்திருக்கின்றன.

பிளொப்பி இமேஜை இணைத்தபின் லோட் "*",8,1 என்று அடித்து என்டர் அழுத்துங்கள். 8 என்பது பிளொப்பி இயக்கியின் இலக்கம், நட்சத்திரக் குறி முதற்கோப்பைக் குறிக்கும். ஏற்றி முடிந்ததும் 'ரன்'. மெனுவிலுள்ள தானியங்கித் தொடக்கத்தைப் பயன்படுத்தினால் இதுவும் தேவையில்லை.

வழக்கமாக வரும் இரண்டு சிக்கல்கள்: ஒன்று, மேற்கோள் குறி வராமல் வேறு குறி வருவது. கொமடோரில் மேற்கோள் குறி 'ஷிஃப்ட் 2'. விசைப்பலகை அமைப்பில் 'சிம்பொலிக்' தெரிவு செய்தால் உங்கள் விசைப்பலகையில் உள்ளபடியே வரும். மற்றது, விளையாட்டில் எதுவும் அசையாமல் இருப்பது. அந்தக் கணினிக்கு ஜொய்ஸ்டிக் துளைகள் இரண்டு. பல விளையாட்டுகள் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கும். அமைப்புகளில் துளையை மாற்றிப் பாருங்கள்.

டொஸ், அமிகா

1990களின் ஐபிஎம் வகைக் கணினிகளின் டொஸ் நிரல்களுக்கு டொஸ்பொக்ஸ். நம்மவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுவே. ஒரு கோப்புறையை உருவாக்கிப் பழைய நிரலை அதில் வையுங்கள். டொஸ்பொக்ஸில் 'மவுண்ட்' கட்டளையால் அந்தக் கோப்புறையை 'சி' இயக்கியாக இணைத்து, 'சி' எழுத்தோடு முக்காற்புள்ளி இட்டு உள்ளே போகலாம். நிரல் மிக வேகமாக ஓடினால் கன்ட்ரோல், எஃப்11 சேர்த்து அழுத்துங்கள். மெதுவாக ஓடினால் கன்ட்ரோல், எஃப்12. மவுஸ் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், எஃப்10.

1985இல் வந்த கொமடோர் அமிகாவைத் தொடக்கத்திலேயே முயல வேண்டாம். அதன் 'கிக்ஸ்டார்ட்' ரொமுக்கு உரிமம் வாங்க வேண்டும். 'அமிகா ஃபோர்எவர்' என்ற தொகுப்பு அதை முறையாக விற்கிறது. ஆனால், அமிகா எமுலேட்டர்களின் பயன் பெரிது. ஓவியர் அண்டி வோர்ஹோல் 1985இல் அமிகாவில் வரைந்த படங்கள் அவருடைய பிளொப்பிகளில் முடங்கிக் கிடந்தன. 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அந்தப் பிளொப்பிகளைப் பிரதியெடுத்துப் படங்களை மீட்டார்கள். கோப்பின் அமைப்பே எவருக்கும் தெரியாதிருந்தது. அதையும் அவர்களே அவிழ்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டரை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமல்ல. ரொம்களும் விளையாட்டுகளும் வேறு. அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. விற்பனையில் இல்லை என்பதால் மட்டும் ஒரு நிரல் பொதுச்சொத்து ஆகிவிடாது. ஆசிரியரே இலவசமாக விட்ட நிரல்களும், இன்றும் புதிதாக எழுதப்பட்டு வெளியாகும் விளையாட்டுகளும் நிறைய உண்டு. அவற்றோடு தொடங்குங்கள். 'இலவச ரொம்' என்று கூவும் தளங்களில் வைரஸ் வருவதும் வழக்கம். எமுலேட்டரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

அலுமாரியில் கிடக்கும் பிளொப்பிகள்

இந்தத் தீவிலிருந்து பிளொப்பியில் போன ஒரு நூல் உலகப் புகழ் பெற்றது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், '2010: ஒடிசி டூ' நாவலை ஆர்கைவ்ஸ் 3 என்ற கணினியில் வேர்ட்ஸ்டார் மென்பொருளால் எழுதினார். முழு நாவலும் ஒரேயொரு ஐந்தங்குலப் பிளொப்பியில் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. கடைசித் திருத்தங்கள் பாதுக்கைச் செய்மதி நிலையம் வழியாகச் சென்றன. நூல் 1982இல் அச்சானது. அச்சானதால் அந்த எழுத்து பிழைத்தது.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் பிளொப்பிகள் அச்சாகாதவை. சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்பு, கோயில் மலரின் பக்கங்கள், இடம்பெயர்ந்தோர் பட்டியல், காணாமல் போனவருக்காக எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி, இல்லாமல் போன ஒருவர் எழுதிவைத்த கவிதை. எது எதில் இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. இத்தகைய பிளொப்பி கிடைத்தால் இந்த ஒழுங்கில் செயற்படுங்கள்.

1. மேலொட்டிய தாளை இருபுறமும் படமெடுங்கள். கையெழுத்தும் திகதியும் தகவல்கள்தான்.

2. உலோக மூடியை மெல்ல நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் இயக்கியில் போட வேண்டாம். பூஞ்சணம் தட்டையும் கெடுக்கும், இயக்கியின் தலையையும் கெடுக்கும், அடுத்து போடும் பிளொப்பியையும் கெடுக்கும். அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

3. மூன்றரை அங்குலப் பிளொப்பியின் மூலையிலுள்ள சிறு துளை திறந்திருக்கும்படி தள்ளுங்கள். அப்போது எதுவும் தவறுதலாக எழுதப்படாது.

4. யூஎஸ்பி பிளொப்பி இயக்கி ஒன்றால் முழுத் தட்டையும் இமேஜ் கோப்பாக எடுங்கள். கோப்புகளைத் தனித்தனியே பிரதி செய்வதைவிட இது பாதுகாப்பானது. இந்த இயக்கிகள் ஐபிஎம் வகைப் பிளொப்பிகளை மட்டுமே வாசிக்கும். அமிகா பிளொப்பிகளுக்கும் ஐந்தேகால் அங்குலத் தட்டுகளுக்கும், காந்தப் பதிவை அப்படியே அளந்தெடுக்கும் கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகளோடு பொருத்தமான பழைய இயக்கியும் தேவை.

5. இமேஜுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இனி எல்லா வேலையும் பிரதியில்தான். மூலத்தைத் தொடாதீர்கள். நாளை அது சான்றாகத் தேவைப்படலாம்.

6. கோப்புகளைத் திறந்து பாருங்கள். லிப்ரே ஒஃபிஸ் பல பழைய வேர்ட் கோப்புகளையும், பேஜ்மேக்கரின் பிந்திய பதிப்புக் கோப்புகளையும் திறக்கும். அதனால் முடியாதபோது டொஸ்பொக்ஸில் அந்தக் காலத்து மென்பொருளையே இயக்கித் திறக்கலாம். விண்டோஸ் 3.1 கூட டொஸ்பொக்ஸுக்குள் இயங்கும்.

திறந்தபின் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். யூனிகோட் பரவுமுன் இலங்கையில் பெரும்பாலோர் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டனர். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சொற்களுக்கு நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான். கோப்பைத் தெரிவு செய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றுங்கள். தமிழ் தெரியும். பிறகு யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் எழுத்துரு மாற்றித் தரும் தளங்கள் பல உண்டு. கோயில் மலருக்கு அவை சரி. ஆட்களின் பெயர், முகவரி, வாக்குமூலம் உள்ள ஆவணங்களை அவற்றில் ஒட்டாதீர்கள். உங்கள் கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். அப்படிப்பட்ட பட்டியல்களை முகநூலிலோ வட்ஸ்அப் குழுக்களிலோ பகிர்வதற்கு முன், அதில் பெயருள்ளவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் என்ன நினைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவில் வைக்கக்கூடிய மலர்கள், சஞ்சிகைகள், நூல்கள் கிடைத்தால் 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேகரித்துவரும் நூலகம் மின்னூலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

எங்கே தொடங்குவது?

இன்று மாலை ஒரு மணிநேரம் கிடைத்தால், உலாவியில் ஓர் எமுலேட்டரைத் திறந்து பாருங்கள். வார இறுதியில் ஃபியூஸை நிறுவி, மேலே உள்ள ஆறு வரிகளை அடித்து 'ட' எழுத்தை வரையுங்கள். அடுத்த வாரம் டொஸ்பொக்ஸ் பழகுங்கள். அதற்குள் ஊரிலும் உறவினரிடமும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: பழைய பிளொப்பி எதுவும் வைத்திருக்கிறீர்களா?

எரிந்த நூலகத்தின் ஏடுகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பிளொப்பிகள் அப்படியல்ல, அவற்றில் பல இன்னும் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கலாம். ஆனால், நமது வெக்கையிலும் ஈரத்திலும் காந்தப் பதிவு ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே போகிறது. செய்வதானால் இப்போதே செய்ய வேண்டும்.